டான்ஸ்ஹால்: தனிப்பாட்டா, ஆல்பமா?

கருவட்டு:
ரெகேயிலிருந்து கிளைத்த ஜமேக்க ஆட்ட இசை டான்ஸ்ஹால். புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "டான்ஸ்ஹாலில் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்?" எந்த ஆல்பத்திலிருந்தும் வேண்டாம் என்பதே என் பதில். இந்த இசையின் உயிர் ரிடிமில் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒருவர் பேஸும் தாளமுமாக ஒரு பின்னணியைக் கட்டுவார், அதுதான் ரிடிம். அதே பின்னணி மேல் பத்துப் பேர், இருபது பேர் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொன்னால் ஒவ்வொரு புலவரும் தன் கைவரிசையைக் காட்டுவாரே, அப்படி. பக்கத்துப் பாட்டு தெரிந்தால்தான் இந்தப் பாட்டின் சாமர்த்தியம் விளங்கும். அதில் ஒன்றை மட்டும் பிய்த்தெடுத்து, அதே பாடகரின் வேறு பதினான்கு பாட்டோடு சேர்த்துக் கட்டி விற்றால் அந்தப் போட்டியே காணாமல் போகிறது.

1985-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் 'ராக்' என்று ஒரு தாளம் ஏற்கெனவே பதிந்து வந்தது. அதை அமைத்தவர் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் ஒகுதா ஹிரோகோ. இசைக்கலைஞர் நோயல் டேவியும் பாடகர் வெய்ன் ஸ்மித்தும் அதைக் கண்டெடுத்து தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேகத்தைக் குறைத்தார், ஸ்லெங் டெங் என்ற ரிடிம் பிறந்தது. அந்தப் பிப்ரவரியில் கிங்ஸ்டன் வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற போட்டி சவுண்டுடன் (பெரிய ஒலிபெருக்கிகளோடு தட்டுப் போடும் குழுவுக்குப் பெயர் சவுண்டு) நடந்த இசை மோதலில் ஜாமி அதை இறக்கினார். டெனர் சா, ஜானி ஆஸ்போர்ன் என்று ஒவ்வொருவராக வந்து அதே ரிடிமில் பாடினார்கள். ஒரு கீபோர்டு, ஒரு ரிடிம், பக்கத்துக்கு ஒரு பாட்டாகச் சில ஏழு அங்குல இசைத்தட்டுகள். ஒரு நாட்டின் இசையே திசை மாறிப்போனது. இதில் ஆல்பத்துக்கு என்ன வேலை?

செவிச்செல்வன்:
வேலை இருந்தது சார். அதே ஆண்டு ஜாமியே அந்தப் பாட்டுகளைச் சேர்த்து 'ஸ்லெங் டெங் எக்ஸ்ட்ராவகன்சா' என்று எல்பி போட்டார். அதற்கும் முன்னால் 1974-லேயே தயாரிப்பாளர் ரூபி எட்வர்ட்ஸ் ஒரே ரிடிமில் 'யமஹா ஸ்காங்க்' என்று ஒரு முழு எல்பி கொண்டுவந்துவிட்டார். 2000-க்குப் பிறகு கிரீன்ஸ்லீவ்ஸ், விபி ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனங்கள் ரிடிமுக்கு ஒரு சிடி என்று அடுக்கின. நான் இந்த இசைக்குள் வந்ததே அப்படி ஒரு சிடி வழியாகத்தான். ரிடிம்தான் உயிர் என்றால், ஒரு ரிடிமை முழுசாகப் பிடித்து வைக்கக்கூடியது ஆல்பம் மட்டுமே.

கருவட்டு:
அது திரட்டு. நூறு தனிப்பாடலை ஒரே அட்டைக்குள் தைத்தால் காப்பியம் ஆகிவிடாது. அந்த சிடியில் எந்தப் பாட்டை முதலில் வைத்தாலும், எதைக் கடைசியில் வைத்தாலும் ஒன்றுதான்.

வன்னிமழை:
அப்ப காப்பியத்தைப் பற்றியே கதைப்பம். நான் ஸ்காபரோவில வளர்ந்தனான். பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில இருந்த ஜமேக்கப் பெடியன் ஒரு கசற் தந்தவன், பூஜு பான்டனின்ர 'டில் ஷைலோ'. 1995இல வந்த அல்பம். அதுவரைக்கும் பூஜு எண்டால் முரட்டுக் குரலில வேகமாப் பாடுற இளந்தாரி. இதில ஆள் ரஸ்தஃபாரி சமயத்துக்கு மாறிட்டார், அந்த மாற்றம் அல்பத்துக்குள்ளேயே நடக்குது. தொடக்கத்தில வாத்தியமே இல்லாமல் குரல் மட்டும். பிறகு ரஸ்தஃபாரிகளின்ர நியாபிங்கி மேளம். பிறகு 'மர்டரர்'. அதுக்குப் பிறகு 'சாம்பியன்', ஆடுறதுக்கெண்டே செய்த பாட்டு. அது முடிஞ்ச கையோட வெறும் கிற்றாரோட 'அன்டோல்ட் ஸ்டோரிஸ்', ஏழையின்ர வயிற்றுப்பாட்டைப் பற்றி. ஒரே மனுசனுக்குள்ள இத்தனையும் இருக்கெண்டு எந்த ஏழு அங்குலத் தட்டு அண்ணை காட்டும்?

கருவட்டு:
தம்பி, நல்ல உதாரணம். ஆனால் 'மர்டரர்' எப்படி வந்தது? 1993-இல் பான்ஹெட் என்ற டான்ஸ்ஹால் பாடகரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாவு நெஞ்சில் சூடாக இருக்கும்போதே பூஜு பாடி, தட்டாக வந்தது. அந்தக் கோபத்தை 1995 வரை பெட்டியில் வைத்திருக்க முடியுமா? தனிப்பாட்டின் பலமே அதுதான். நேற்று நடந்ததுக்கு இன்று பாட்டு, அதற்கு நாளை எதிர்ப்பாட்டு. ஒப்பாரிக்கு யாராவது தேதி குறிப்பார்களா? ஆல்பம் அந்தப் பாட்டை வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவே.

திண்ணை:
நான் இந்த இசைக்குப் புதிது. மாயா அருள்பிரகாசம் 2005-இல் கொண்டுவந்த 'அருளர்' ஆல்பத்தைப் பற்றிப் படித்தபோதுதான் டான்ஸ்ஹால் என்ற பெயரையே அறிந்தேன். இரண்டு பக்கமும் பேசுவது புரிகிறது. ஆனால் அந்த டான்ஸ் நடக்கும் இடத்தில் உண்மையில் என்ன நடக்கும்? யாரும் ஆல்பத்தை முழுசாகப் போடுவதே இல்லையா?

கருவட்டு:
போடுவதே இல்லை. அங்கே தட்டுப் போடுபவருக்குப் பெயர் செலக்டர். மைக்கில் பாடுபவர்தான் டீஜே. (நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு, ஆரம்பத்தில் எல்லாருக்கும் குழம்பும்.) செலக்டர் ஒரு ரிடிமைப் பிடித்தால் அதிலுள்ள பாட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஓட்டுவார். அடியில் பேஸ் நிற்காது, மேலே குரல் மட்டும் மாறும். ஒரு பாட்டுக்கு ஒரு சரணம் கிடைத்தாலே அதிகம். கூட்டம் கத்தினால் தட்டை இழுத்து முதலிலிருந்து போடுவார். சவுண்டுகள் மோதும்போது கதையே வேறு. பாடகரிடம் பணம் கொடுத்துத் தன் சவுண்டின் பெயரைச் சொல்லிப் பாட வைத்து ஒரே ஒரு பிரதி வெட்டி வைத்திருப்பார்கள், அது டப்பிளேட். ஸ்டோன் லவ், கிலமஞ்சாரோ போன்ற சவுண்டுகளின் சொத்தே அந்தப் பெட்டிதான். கடையில் கிடைக்காத பாட்டு அது. ஆல்பத்திலிருந்து இதைவிடத் தூரமான ஒன்று இருக்க முடியுமா?

வெளியூரிலும் இதுதான் நடந்தது. லெங்கி மார்ஸ்டன் செய்த தீவாளி ரிடிம், ஆமாம், நம் பண்டிகையின் பெயர்தான். கைதட்டலை வைத்தே நடக்கும். 2003-இல் அந்த ஒரே ரிடிமில் ஷான் பாலின் 'கெட் பிஸி' அமெரிக்காவில் முதலிடம், லூமிடியின் பாட்டு மூன்றாம் இடம், வெய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' 11. மூன்றும் ஒரே கைதட்டல்!

செவிச்செல்வன்:
அதே ஷான் பாலின் 'டட்டி ராக்' ஆல்பத்துக்குத்தான் 2004-இல் கிராமி கொடுத்தார்கள். ரெகேவுக்கு அங்கே 1985 முதல் இருக்கும் விருதுக்கு 1992-இலிருந்து பெயரே 'சிறந்த ரெகே ஆல்பம்'. ஷபா ராங்க்ஸ் 1992-இல் 'ஆஸ் ரா ஆஸ் எவர்' ஆல்பத்தால்தான் அதை வாங்கினார். தனிப்பாட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது.

கருவட்டு:
விருதுக்காரர்களின் வசதிக்கு இசை வளைய வேண்டுமா? அந்த ஷபா பாடிய 'டெம் போ' ஒரு பாட்டு. ஸ்டீலி அண்ட் கிளீவி செய்த அதன் தாளம் பனாமாவுக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் போய் ரெகேடோன் என்ற ஸ்பானிய மொழி ஆட்ட இசையாக வளர்ந்து நிற்கிறது. எந்தக் கிராமி ஆல்பம் அதைச் செய்தது?

நுணா:
இவ்வளவு நேரமும் பாடுகிறவரின் பக்கத்தை யாரும் பேசவில்லை. ரிடிம் தயாரிப்பாளருடையது. அதில் பாடும் இருபது பேரில் ஒருவர், கொஞ்சம் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். சிஸ்டர் நான்சியை நினைத்துப் பாருங்கள். பெண் டீஜேக்களே அரிதாக இருந்த 1982-இல், இருபது வயதில், 'ஒன் டூ' என்று தன் பெயரில் ஒரு எல்பி. 'பாம் பாம்' அந்த எல்பியில் ஒரு பாட்டு. பின்னால் அவர் அமெரிக்கா போய் நியூ ஜெர்சியில் வங்கியில் கணக்கு வேலை பார்த்தார். அந்தப் பாட்டு சினிமாவிலும் ராப் பாட்டுகளிலும் விளம்பரத்திலும் ஓடிக்கொண்டே இருந்தது. முப்பது ஆண்டு தாண்டித்தான் அதற்குரிய பணம் அவர் கைக்கு வரத் தொடங்கியது. ஏழு அங்குலத் தட்டு என்றால் அவர் ஒரு குரல். எல்பி என்றால் முன்னட்டையில் அவர் முகம், பத்துப் பாட்டிலும் அவர் பேச்சு. ஒரு பெண் தன் இடத்தைப் பிடித்து உட்கார அந்தப் பத்துப் பாட்டும் வேண்டியிருந்தது.

கருவட்டு:
பணம் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மறுக்கமாட்டேன். ஆனால் தனிப்பாட்டு, ஆல்பம் இரண்டிலுமே ஏமாற்று உண்டு, எல்பி போட்ட நான்சிக்கே அந்தக் கதிதானே? 'பாம் பாம்' நின்றதும் வின்ஸ்டன் ரைலியின் ஸ்டாலாக் ரிடிமால். 1973-இல் செய்தது. அந்த எல்பியின் மற்ற ஒன்பது பாட்டில் எத்தனை உங்களுக்கு மனப்பாடம்?

நுணா:
ஐந்து. தலைப்புப் பாட்டு உட்பட. நீங்கள் முழுசாகக் கேட்டதுண்டா?

கருவட்டு:
இல்லை.

வன்னிமழை:
அண்ணை, அதோட 'டில் ஷைலோ'வையும் ஒருக்கா இருந்து கேளுங்கோ. அதில கார்னட் சில்க் சேர்ந்து பாடின 'கம்ப்ளெய்ன்ட்' இருக்கு. 1994 டிசம்பர்ல அவர் செத்துப்போனார், அல்பம் வந்தது அடுத்த வருசம் ஜூலை. அந்தக் குரல் வாற இடத்தில நான் இப்பவும் கதைக்கமாட்டன்.

கருவட்டு:
இரண்டையும் நேற்று இரவு கேட்டேன், இடையில் எழுந்திருக்காமல். பூஜுவில் 'சாம்பியன்' அடங்கி அந்தக் கிட்டார் எழும் இடத்தை எந்த செலக்டராலும் தர முடியாது, அவர் கூட்டத்தை ஆட வைக்க வந்தவர். அந்த ஒரு ஆல்பத்தை விட்டுக்கொடுக்கிறேன். நான்சியின் எல்பி எனக்கு இன்னும் ஒரு பாட்டின் எல்பிதான், நுணா மன்னிக்கவும். நாளை ஸ்டாலாக் ரிடிமில் என்னிடம் இருக்கும் தட்டுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பதிந்து இங்கே ஏற்றுகிறேன். 'பாம் பாம்' நான்காவதாக வரும். அதற்கு முன்னால் வரும் மூன்றையும் தள்ளாமல் கேளுங்கள்.

நுணா:
கேட்கிறேன். அது முடிந்ததும் எல்பியின் இரண்டாம் பக்கத்தை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.