அப்டேட்: மச்சான் படகுக்கு வந்த கம்மி விலை சிலிண்டர் ஹெட்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, மண்டபத்துல மச்சானோட விசைப்படகுக்கு ஒரிஜினல்ல பாதி விலைக்கு வந்த சிலிண்டர் ஹெட்டை (இஞ்சின் சிலிண்டரை மேல மூடுற, வால்வு இருக்கிற பாகம்) நம்பி மாட்டலாமான்னு, மாட்டல. மதுரைக்கு கொண்டாந்து சிம்மக்கல் பக்கம் தெரிஞ்ச லேத் பட்டறை அண்ணன்கிட்ட காட்டுனேன். ஸ்ட்ரெயிட் எட்ஜ் (வளைவு பாக்குற நேர் பட்டை) வச்சு மூலைக்கு மூலை பாத்தாரு, 0.05 மி.மீ. ஃபீலர் தகடு கூட இடைவெளில நுழையல, அதாவது அடிப்பக்கம் வளையல. போர்ட்டுல (காத்து, புகை போற வழி) மண்ணெண்ணெய் ஊத்துனா ரெண்டாவது எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளிய போற வால்வு) ஓரத்துல பொட்டுப் பொட்டா கசிஞ்சுச்சு, சரி அது லேப்பிங் போட்டா, அதாவது பேஸ்ட் வச்சு வால்வை அது உக்காருற இடத்துல தேய்ச்சா தீந்துரும். ஆனா வாட்டர் ஜாக்கெட் (ஹெட்டை குளிர வைக்க தண்ணி ஓடுற பாதை) ஓட்டைக்குள்ள கம்பிய விட்டு சுரண்டுனா உள்ளங்கை நிறைய வார்ப்பு மண்ணு கொட்டுச்சுங்க, அது தண்ணி போற வழிய அடைச்சா நடுக்கடல்ல இஞ்சின் சூடேறி நின்னுரும், ரோட்டுல லாரி நிக்கிற மாதிரியா அது? எனக்கு கையே நடுங்கிருச்சு. திருப்பி அனுப்பியாச்சு. வேற ஹெட் சொல்லிருக்கு, இந்த தடவ பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் குடுத்து கசிவு பாக்குறது) பண்ணாம படகுல ஏத்த விடமாட்டேன்.