மதியம் ஒண்ணரை மணிக்கு சத்தமில்லாத விளையாட்டு ஏதாவது சொல்லுங்களேன்

புதுடீச்சர்:
வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஈராசிரியர் பள்ளி. 1, 2, 3 மூணும் என்கிட்ட, மொத்தம் 19 பிள்ளைங்க. நாலும் அஞ்சும் ஹெச்.எம். சார்கிட்ட. நடுவுல சுவர் கிடையாது, ஒரு பீரோதான். காலையில எண்ணும் எழுத்தும் பயிற்சி நூலோட ஓடிடுது. சத்துணவு முடிஞ்சு வந்தா ஒண்ணாப்பு தூங்குது, மூணாப்பு பீரோ மேல ஏறுது. பாட்டு, ஆட்டம்னு ஆரம்பிச்சா அந்தப் பக்கத்திலிருந்து ஸ்கேலால பீரோவைத் தட்டுவார். யூடியூப்ல காட்டுறதுக்கெல்லாம் கலர் பேப்பர், லேமினேஷன்னு சம்பளமே போயிடும். செலவில்லாம, மூணு வகுப்புக்கும் சேர்த்து ஏதாவது இருக்கா?

நாலுவரிநோட்டு:
பழைய பேப்பர்ல தொப்பி மடிக்கச் சொல்லுங்க டீச்சர். அமைதியா இருப்பாங்க.

புதுடீச்சர்:
செஞ்சு பார்த்தேன் சார். பத்தே நிமிஷத்துல 19 தொப்பியும் ராக்கெட் ஆயிடுச்சு.

புளியமரத்தடி:
டீச்சரம்மா, புளியங்கொட்டை சேருங்க. மாசி, பங்குனியில புளி உடைக்கிற வீட்டுல கேட்டா ஒரு படி சும்மாவே அள்ளித் தருவாங்க. ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில உரசி வெள்ளையாக்கணும், தாயம் ஆட நம்ம பாட்டிங்க உரசுவாங்களே, அப்படி. அதை மூணாப்புகிட்ட விட்டுடுங்க, ரெண்டு மதியம் போயிடும். உரசின சூட்டோட பக்கத்துப் பிள்ளை கையில வைப்பான் ஒருத்தன். வைக்காத வகுப்பை நான் 31 வருஷத்துல பார்த்ததில்லை.

அப்புறம் ஆளுக்குப் பத்துக் கொட்டை. கையில பொத்திக் குலுக்கித் துண்டு மேல போடணும். வெறுந்தரையில போட்டா உங்க பீரோ அடி வாங்கும். ஒண்ணாப்பு வெள்ளையை எண்ணும், கறுப்பை எண்ணும், 'ஏழும் மூணும் பத்து'ன்னு சிலேட்டுல எழுதும். அடுத்த தடவை நாலும் ஆறும். எப்படிப் போட்டாலும் பத்துதான்னு நீங்க வாயைத் திறக்காதீங்க. மூணாம் நாளோ நாலாம் நாளோ ஒரு பொண்ணு, 'டீச்சர், கறுப்பை எண்ணாமலே சொல்லட்டா?'ம்பா. ரெண்டாப்புக்கு இருபது கொட்டை. மூணாப்புக்குப் பத்தே போதும், ஆனா வெள்ளை விழுந்தா பத்து, கறுப்பு விழுந்தா ஒண்ணு. ஆறு வெள்ளை, நாலு கறுப்புன்னா 64. அடுத்தது 37 விழுந்தா ரெண்டையும் கூட்டணும். இனமாற்றக் கூட்டலை, அதாவது ஒண்ணுகள் பத்தைத் தாண்டினா ஒரு பத்தைப் பக்கத்து இடத்துக்கு ஏத்துற கூட்டலை, புத்தகத்துல பார்த்து அழுத பையன் இங்க சண்டை போட்டுப் போடுவான். பத்தும் வெள்ளையா விழுந்தா நூறு. அன்னிக்கு மட்டும் ஹெச்.எம். சார்கிட்ட முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்குங்க.

ஒண்ணாப்புப் பிள்ளைக மூக்குல, காதுல திணிச்சுக்கும். முடிஞ்சதும் ஆளாளுக்குப் பத்து எண்ணி வாங்காம டப்பாவை மூடாதீங்க. ஒரு தடவை எனக்கு ஒன்பதுதான் திரும்பி வந்துச்சு. ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம்.

ழகரம்:
சொல் தொடர் ஆடியிருக்கீங்களா? வாயால சொல்லக் கூடாது, சிலேட்டுல எழுதி நகர்த்தணும். கடைசி எழுத்துல அடுத்த சொல். 'மரம்'னா ம வரிசையில எது வேணா வரலாம், அதனால முதல்ல எல்லாம் ம-விலேயே சுத்தும். யாராவது 'பால்'னு எழுதினாத்தான் வேடிக்கை. எங்க வகுப்புல பால், லட்டுன்னு போச்சு. லட்டுக்கு அடுத்தவன் ரொம்ப நேரம் முழிச்சிட்டு 'டுர்ர்'னு எழுதினான். கேட்டா வண்டிச் சத்தமாம். அடுத்தவள் விடாம 'ரயில்'னு எழுதிட்டா, மறுபடி ல்! மாட்டுற எழுத்தையெல்லாம் கரும்பலகை ஓரத்துல குறிச்சு வைங்க: ட, ண, ர, ல, ழ, ள, ற, ன. இதெல்லாம் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராத எழுத்து. எது முதல்ல வரும், எது வராதுங்கிற மொழிமுதல் எழுத்துப் பாடத்தை நான் தனியா நடத்தினதே இல்லை.

புதுடீச்சர்:
ஐயா, ரெண்டு வாரமா கொட்டைதான் ஓடுது. சூடு வைக்கிறவன் எங்ககிட்டயும் ஒருத்தன் இருக்கான். நேத்து மூணாப்புப் பையன் ஒருத்தன் எல்லார் சிலேட்டையும் பார்த்துட்டு வந்து, '64, 37, 82, 55... எதைப் பிரிச்சுக் கூட்டினாலும் பத்துதான் வருது டீச்சர்'னான். எனக்கே அதுவரை தோணலை. அதோட நிக்காம, 63 எழுதியிருந்தவன் கிட்டப் போய் 'போங்காட்டம்'னு சட்டையைப் பிடிச்சுட்டான். எண்ணிப் பார்த்தா நிஜமாவே ஒன்பதுதான். நீங்க சொன்னது ஞாபகம் வந்து எனக்கு வேர்த்துப் போச்சு. பத்தாவது கொட்டை பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒண்ணாப்புக் குட்டி வாயில இருந்துச்சு. புளிப்பே இல்லையாம், கோபமாத் துப்பிட்டா.