பெடல் ஸ்டீல் கிட்டாரில் மென்மையான ப்ளூஸ் ஓவர்டிரைவ்: உதவி தேவை

10 தந்திகள் கொண்ட, ஈ9 சுருதியமைப்பில் உள்ள பெடல் ஸ்டீலில் (உலோக பாரைத் தந்திகள் மேல் சறுக்கி, பெடல்களை மிதித்துச் சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார்), பலமாக மீட்டும்போது மட்டும் லேசாகக் கரகரத்து, மெதுவாக மீட்டினால் தெளிந்துவிடும் ப்ளூஸ் நாதத்தைத் தேடுகிறேன். இரு தந்திகள் சேர்ந்தாலே ஒலி குழம்பி இரைகிறது. ஏ பெடலை மிதித்து 5ஆம் தந்தியை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும்போது 4ஆம் தந்தியும் ஒலித்தால் நிலைமை இன்னும் மோசம்.

கிட்டார், வால்யூம் பெடல், ஓவர்டிரைவ் பெடல் (ஒலியில் கரகரப்பைச் சேர்க்கும் கருவி), கிளீனாக, அதாவது கரகரப்பின்றி, வைத்த வால்வ் ஆம்ப் என்பதே இணைப்பு வரிசை. ஓவர்டிரைவில் டிரைவை (கரகரப்பின் அளவை) குறைத்து லெவலை (வெளிவரும் ஒலியின் அளவை) உயர்த்தியபோது கரகரப்பே மறைந்தது. வால்யூம் பெடலை ஓவர்டிரைவுக்குப் பின்னால் மாற்றியபோது, பிக்கப்பின் வலுவான சிக்னல் முழுதும் உள்ளே பாய்வதால், கரகரப்பு அடங்கவே இல்லை. ட்ரெபிளைக் குறைத்தால் பார் சறுக்கும்போது எழும் அழுகை, இந்த வாத்தியத்தின் உயிரே அதுதான், மங்கிவிடுகிறது.

இரு தந்திகளிலும் சுருதி தெளிவாகக் கேட்க, கிளீன் ஒலியைக் கலந்து தரும் ஓவர்டிரைவை வால்யூம் பெடலுக்கு முன் வைப்பது நல்லதா, பின் வைப்பது நல்லதா?