அமா டப்ளம் கேம்ப் 1: கேஸ் அடுப்பு பத்தே நிமிடத்தில் அணைகிறது

நேபாளத்தில் அமா டப்ளம் (6,812 மீ) தென்மேற்கு முகடு வழியாக ஏறுகிறோம், மூன்று பேர். சுமார் 5,700 மீட்டரில் உள்ள கேம்ப் 1-ல் இரண்டு இரவு தங்கிவிட்டு நேற்று பேஸ் கேம்ப் திரும்பினோம். இரண்டு விடியலிலும் அடுப்பு கைவிட்டது. நன்றாகப் பற்றுகிறது, பத்து நிமிடத்தில் சுடர் சுருங்கி அணைந்துவிடுகிறது. குலுக்கினால் உள்ளே பாதி கேஸ் இருப்பது தெரிகிறது. சிலிண்டருக்கு வெளியே உறைபனி படிந்திருக்கிறது. அங்கே பனியை உருக்கினால்தான் தண்ணீர். ஆளுக்கு அரை லிட்டரோடு இறங்கினோம்.

சிலிண்டர் தலையில் திருகும் சாதாரண அடுப்பு. சிலிண்டர் 230 கிராம், காத்மாண்டுவில் வாங்கியது, லேபிளில் கலவை விவரம் இல்லை. புரோபேன் கலக்காத, குளிரில் சரியாக ஆவியாகாத வெறும் பியூட்டேனோ என்று சந்தேகம். காலையில் கூடாரத்துக்குள் மைனஸ் 14 டிகிரி.

ஜெட்டை (கேஸ் வெளிவரும் சிறு துளையை) சுத்தம் செய்தாயிற்று. வேறு சிலிண்டரும் மாற்றிப் பார்த்தாயிற்று. இரவு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்கியது மட்டும் கொஞ்சம் உதவியது, அதுவும் முதல் ஐந்தாறு நிமிடம்தான்.

நாளை மறுநாள் கேம்ப் 2-க்குக் கிளம்புகிறோம். கூடாரம் போடவே இடம் போதாத பாறை முனை அது, அங்கே போய்ச் சோதித்துப் பார்க்க முடியாது.

சிலிண்டரை வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி எரித்து, 6,000 மீட்டரில் மூன்று பேருக்குப் பனி உருக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?