ஒழுங்கைக் குழு: பழைய ஃபானுக்குப் பெயின்ற் அடிக்கிறது

கௌரி: எங்கட முன்னறை ஃபான் 48 அங்குலம், பழசு. செட்டை ஓரமெல்லாம் கறள், வெள்ளை நிறம் மஞ்சளாப் போச்சு. மோட்டர் நல்லா ஓடுது. கழட்டாமல் அப்பிடியே பிறஷால அடிக்கலாமோ?

நவம் மாமா: வேண்டாம் பிள்ளை. கறள் கூடப் பிடிக்கிறது செட்டையின்ர மேல்பக்கம், கீழ நிண்டு பாத்தால் தெரியாது. தூசி அங்க ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். குருநகர், நாவாந்துறைப் பக்கம் உப்புக்காத்துக்கு இன்னும் கெதியா அரிக்கும். மற்றது, மோட்டர் மூடியில இருக்கிற காத்துத் துவாரத்துக்குள்ள பெயின்ற் போகக்கூடாது. அடைபட்டால் சூடு வெளியேறாது.

சுதன்: மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, ரெஸ்ரரால பாத்த பிறகுதான் கைவையுங்கோ. சில பழைய வீடுகளில சுவர் சுவிச் நியூட்ரலில, அதாவது கரண்ட் திரும்பிப் போற வயரில, பூட்டிக் கிடக்கும். சுவிச் ஓஃபில இருந்தாலும் வயரில கரண்ட் நிக்கும். வயர் பூட்டியிருக்கிற விதத்தைப் போனில படம் எடுங்கோ. செட்டை மூண்டிலயும், அது பூட்டியிருந்த இடத்திலயும் 1, 2, 3 எண்டு ஆணியால கீறி விடுங்கோ.

கௌரி: இலக்கம் ஏன் தம்பி?

சுதன்: செட்டையள் நிறை பாத்துச் சேத்துத்தான் வாறது அக்கா. இடம் மாறினால் ஆடத் தொடங்கலாம்.

ரஞ்சி அக்கா: தேய்க்க முதல் சவுக்காரத் தண்ணியால கழுவோணும், இதைத்தான் கனபேர் விட்டிடுறவை. பிசுக்கோட தேய்ச்சால் அது கீறலுக்குள்ள அப்பிப்போடும், பிறகு பெயின்ற் வட்டம் வட்டமா விலகி நிக்கும். மண்ணெண்ணெயால துடைச்சாலும் திரும்பச் சவுக்காரம் போடுங்கோ, மெல்லிய எண்ணெய்ப் படை தங்கியிருக்கும். மோட்டருக்கு மட்டும் பிழிஞ்ச ஈரத்துணி.

கௌரி: சாண்ட் பேப்பர் எத்தினையாம் நம்பர்?

நவம் மாமா: கறளுக்கு 120, இரும்பு வெளிச்சமாத் தெரியுமட்டும். பிறகு 240ஆல சுத்திவர ஓரத்தைச் சரிவாக்குங்கோ, விரலால தடவினால் படி தட்டக்கூடாது. இறுக்கமா ஒட்டிக்கிடக்கிற பழைய பெயின்றைக் கழட்டத் தேவையில்லை, மினுக்கம் போனால் காணும். பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம். அதால வாட்டர் பேப்பரில தண்ணி தொட்டுத் தேயுங்கோ, மாஸ்க் போடுங்கோ, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ. தேய்ச்ச உடன துடைச்சு, வெயிலில காயவிட்டு, அண்டைக்கே பிறைமர் எண்ட அடிப்பெயின்ற் அடிக்கோணும். ஒரு இரவு விட்டால் விடியச் செம்மஞ்சளாத் திரும்பக் கறள் நிக்கும்.

காந்தம் ஒட்டிப் பாருங்கோ. ஒட்டினால் இரும்பு, சாம்பல் நிறப் பிறைமர் நல்லம். வெள்ளைக்கு அடியில சிவப்பு றெட் ஒக்சைட் அடிச்சால் மறைக்க ஒரு படை கூட வேணும். ஒட்டாட்டி அலுமினியம், அதுக்கு எட்ச் பிறைமர். வேற பிறைமர் எண்டால் உரிஞ்சு வரும்.

கஜன்: ஸ்பிறேயோ பிறஷோ நல்லம்?

சுதன்: ஸ்பிறே எண்டால் நிறை சமனா விழும். 400 மில்லிலீற்றர் கானில பிறைமர் 1, வெள்ளை 2 காணும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடத் தள்ளிப் பிடியுங்கோ. செட்டைக்கு வெளியில அமத்தத் தொடங்கி, வெளியிலயே விடுங்கோ. மெல்லிசா 3 தரம், இடையில 10–15 நிமிசம். தடிப்பா அடிச்சால் வடிஞ்சு ஓரத்தில திரளும், அங்க நிறை கூடும். ஒரு செட்டைக்கு மட்டும் மேலதிகமா ஒரு தரம் அடிக்காதேங்கோ.

கஜன்: வீட்டில எனமல் கொஞ்சம் கிடக்கு. அதை முதல் அடிச்சிட்டு மேல ஸ்பிறே?

நவம் மாமா: கூடாது தம்பி. ஸ்பிறேயில இருக்கிற தின்னர் புது எனமலை இளக்கிப்போடும், சுருங்கிச் சுருங்கி எழும்பும். எனமல் எண்டால் எனமலாலயே முடி. 200 மில்லிலீற்றர் போதும், படைக்குப் படை ஒரு இரவு விடோணும்.

ரஞ்சி அக்கா: மாரியில அடிக்காதேங்கோ. ஈரக்காத்தில ஸ்பிறே மங்கி வெள்ளை பூத்துப்போகும். சோளகம் வீசேக்க வெளியில அடிச்சால் புழுதி ஒட்டும். காலமைப் பனி காய்ஞ்ச பிறகு, மதில் மறைப்பில, கம்பியில கட்டித் தூக்கி அடியுங்கோ.

சுதன்: பெயின்ற் படவே கூடாத இடங்கள்: தண்டு, பெயாரிங், மரை, செட்டை பூட்டுற முகம், ஏர்த் வயர் பூட்டுற இடம். எல்லாத்தையும் ரேப் ஒட்டி மறையுங்கோ. பூட்டுற முகத்தில பெயின்ற் கிடந்தால் ஓடேக்க அது நசிஞ்சு, ஸ்குறூ தளர்ந்துபோகும். ஏர்த்துக்கு வெறும் இரும்பு வேணும், பெயின்றுக்கு மேல பூட்டினால் பிடிக்காது.

கௌரி: பூட்டின பிறகு ஆடினால்?

நவம் மாமா: முதல் ஸ்குறூ எல்லாம் இறுக்கமோ எண்டு பாருங்கோ. பிறகு கரண்டை நிப்பாட்டிப்போட்டு, சீலிங்கில இருந்து செட்டை நுனிமட்டும் தடியால அளவுங்கோ, கையால ஒவ்வொண்டாச் சுத்திச் சுத்தி. ஒண்டு தாழ இருந்தால், அந்தச் செட்டையை மோட்டரோட பிடிக்கிற இரும்புக் கொழுவியைப் பக்குவமா நிமித்துங்கோ. உயரம் சரியாயும் ஆடினால் நிறைதான். ஒரு ரூபாய்க் காசொண்டைச் செட்டைக்கு மேல ரேப்பால ஒட்டி, மாத்தி மாத்தி ஓட்டிப் பாருங்கோ.

சுதன்: கழட்டி இருக்கேக்கயே கப்பாசிற்றரையும் பாருங்கோ. வேகம் குறைஞ்சிருந்தால் மாத்துங்கோ. கனக்க ஃபானுக்கு 2.5 மைக்றோஃபரட், ஆனாலும் பழசில எழுதியிருக்கிற அளவையே வாங்குங்கோ. கரகர சத்தம் எண்டால் பெயாரிங், நம்பர் அதின்ர ஓரத்தில இருக்கும், 6202 மாதிரி. மேல கொழுவேக்க போல்ற்றில குத்துற பழைய பின்னைத் திரும்பப் போடாதேங்கோ, புதுசு போட்டு ரெண்டு காலையும் விரிச்சு விடுங்கோ. முழுப் பாரத்தையும் தாங்கிற போல்ற் கழராமல் பிடிக்கிறது அதுதான்.

கௌரி: எப்ப ஓட்டலாம்?

ரஞ்சி அக்கா: ரெண்டு நாள் காயட்டும். பிறகு ஒரு கிழமைக்குத் துணி போட்டுத் தேய்ச்சுத் துடைக்காதேங்கோ.

கௌரி: சரி. ஆரிட்டையும் உயர ஏணி இருக்கோ?

நவம் மாமா: எங்கட விறாந்தையில நிக்குது, வந்து எடுங்கோ. கஜன், நீயும் போ. மோட்டர் பாரம், கழட்டேக்க கீழ ஒராள் தாங்கோணும்.