சிக்கன் சிமிச்சாங்காவைத் தராசில் வைத்துப் பார்த்தேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முதல் பதிவு (சாண்ட்லர், அரிசோனா)

நாங்கள் அரிசோனா வந்து ஆறு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை இரவு என்றால் மெக்சிகன் சாப்பாடுதான், அதிலும் எனக்குச் சிக்கன் சிமிச்சாங்கா. சாப்பிடாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய கோதுமை டார்ட்டியாவில் (சப்பாத்தி போன்ற மெல்லிய ரொட்டி) பிய்த்த கோழிக்கறி, பீன்ஸ், சீஸ் வைத்து, பிரியாமல் மடித்து, எண்ணெயில் முழுக்கப் பொரித்து எடுப்பது. பொரிக்காமல் இப்படி மடித்தால் புரிட்டோ, அதைப் பொரித்தால் சிமிச்சாங்கா. இந்த மாநிலத்துக்காரர்கள் தங்கள் சொந்தப் பண்டமாகவே இதைப் பேசுவார்கள். டூசானில் 1922-இல் தொடங்கிய எல் சாரோ கஃபேயில் மோனிகா ஃபிளின் கை தவறி எண்ணெயில் போட்ட புரிட்டோதான் முதல் சிமிச்சாங்கா என்று ஒரு கதை உண்டு. ஃபீனிக்ஸில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

மார்ச் மாத ரத்தப் பரிசோதனையில் எனக்கு ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு) கூடியிருந்தது, பிரஷரும் எல்லையில் நின்றது. ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்கு நேரே 'சிக்கன், புரோட்டீன்' என்று எழுதினேன். நம்பித்தான் எழுதினேன். அதைப் படித்த உணவு ஆலோசகர், "சிக்கன் சரி, அதைச் சுற்றி இருந்ததை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கடையிலேயே கலோரி கேட்டேன். இங்கே 20 கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உணவகங்கள்தான் மெனுவில் கலோரி போட வேண்டும். 2018 மே மாதத்தில் இருந்து இது சட்டம். நாங்கள் போவது ஒரு குடும்பம் நடத்தும் சிறிய கடை, அவர்களிடம் அந்தக் கணக்கு கிடையாது. ஆனால் அந்த அம்மா எதையும் மறைக்காமல் சொன்னார்: டார்ட்டியா மாவில் மன்தேகா, அதாவது பன்றிக் கொழுப்பு சேர்க்கிறார்கள், பீன்ஸ் வதக்குவதும் அதில்தான். பன்றி சாப்பிடாதவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கன் என்று சொல்லி வாங்குவதால் இது யாருக்கும் தோன்றாது.

சரி, நாமே செய்து எடை போடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு நான்கு செய்தேன். ஒன்றுக்கு வந்த கணக்கு இது. பத்து அங்குல கோதுமை டார்ட்டியா 70 கிராம், சுமார் 210 கலோரி. வேகவைத்துப் பிய்த்த நெஞ்சுக்கறி 85 கிராம், 140 கலோரி. சீஸ் 28 கிராம், 110 கலோரி. பீன்ஸ் இரண்டு கரண்டி, 30 கலோரி. அப்புறம் எண்ணெய். பொரிப்பதற்கு முன்னும் பின்னும் வாணலியோடு சேர்த்து எடை போட்டேன். நான்குக்குமாக 60 கிராம் குறைந்திருந்தது, அதாவது ஒன்றுக்கு 15 கிராம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதால் அதுவே 135.

மொத்தம் 625. புரதம் 40 கிராமுக்குப் பக்கத்தில் வருகிறது, அது நல்ல அளவுதான். ஆனால் நான் 'புரோட்டீன்' என்று எழுதிய சாப்பாட்டில் கோழிக்கறியின் பங்கு கால்வாசிக்கும் கீழே. சிமிச்சாங்கா குடித்த எண்ணெயின் கலோரியும் கோழிக்கறியின் கலோரியும் ஏறக்குறைய ஒன்று. அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

இது நான் செய்த சிறியது. கடையில் டார்ட்டியா பன்னிரண்டு அங்குலம். மேலே சீஸ் சாஸ், சார் க்ரீம் (புளிக்கவைத்த க்ரீம்), பக்கத்தில் ஒரு கப் சாதம், பீன்ஸ் எல்லாம் வரும். தட்டு முழுவதையும் முடித்தால் ஆயிரத்தைத் தாராளமாகத் தாண்டும்.

உங்களில் யாராவது இப்படிக் கணக்குப் பார்த்திருக்கிறீர்களா?

மறுமொழி (டூசான்)

அருமையான வேலை செய்தீர்கள் அக்கா. நான் இரண்டு வருடம் முன்பு சிமிச்சாங்காவை விட்டு ஃப்ளாவுட்டாவுக்கு மாறினேன். சின்ன டார்ட்டியாவில் கோழிக்கறி வைத்துப் புல்லாங்குழல் போல உருட்டிப் பொரிப்பார்கள், ஸ்பானிஷில் பெயரின் பொருளே புல்லாங்குழல்தான். நான் வாங்கும் கடையில் மக்காச்சோள டார்ட்டியாவில் செய்கிறார்கள். ஆறு அங்குல சோள டார்ட்டியா 55 கலோரிதான், உப்பும் மிகக் குறைவு. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் கால்சியம் கூடுகிறது, அதிலுள்ள நியாசின் என்ற பி வைட்டமினும் உடம்புக்குக் கிடைக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு வேளைக்கு நான்கு, ஐந்து என்று சாப்பிட்டேன். எடை இறங்கவே இல்லை.

காரணம் பிறகு புரிந்தது. ஒரே பெரிய பொட்டலத்தைவிட ஐந்து மெல்லிய குழல்களில் எண்ணெய் படும் பரப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு. எண்ணெயில் கிடக்கும்போது உள்ளிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அவ்வளவாக உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறத் தொடங்கியதும் ஆவி அடங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கிறது. நம் பூரிக்கும் இதே கதைதான். எடுத்த உடனே கம்பி வலையில் செங்குத்தாக நிறுத்தி வடியவிடுங்கள், மேலே இருப்பதைத் தாளால் ஒற்றி எடுங்கள். முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள். மொறுமொறுப்பு வரத் தாமதமாகும், அதுவரை எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும்.

மறுமொழி (ஃபீனிக்ஸ்)

என் அப்பாவுக்குச் சர்க்கரை. ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒரு உணவகத்தில் சிக்கன் சிமிச்சாங்கா தட்டு முழுவதும் சாப்பிட்டார். "கோழிதானேம்மா, சாதம் கொஞ்சம்தானே இருக்கு" என்றார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 240. பயந்துவிட்டேன். கோதுமை மாவு, சாதம், பீன்ஸ் மூன்றும் ஒரே தட்டில் இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஆசைப்பட்டுத் திரும்பக் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. பாதி சிமிச்சாங்கா, சாதத்துக்குப் பதிலாக கீரைத் தழையும் தக்காளியும், சார் க்ரீமுக்குப் பதிலாக வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்யும் குவாக்கமோலே. அன்று 170. மருந்து மாறவில்லை. ஒரு ஆளின் ஒரு நாள் கணக்குதான், இதை வைத்து யாரும் மருந்தில் கை வைக்காதீர்கள். வெண்ணெய்ப்பழத்திலும் கலோரி உண்டு, 100 கிராமுக்கு 160, ஆனால் அதில் 7 கிராம் நார்ச்சத்து இருக்கிறது, கொழுப்பும் பெரும்பாலும் நல்ல வகை. அப்பா ஆசையும் தீர்ந்து, நிம்மதியாகவும் தூங்கினார்.

மறுமொழி (மேசா)

எல்லோரும் கலோரியையே பேசுகிறீர்கள். எனக்குப் பிரஷர் இருப்பதால் உப்பைத்தான் முதலில் பார்ப்பேன். உறைந்த சிமிச்சாங்கா வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பி சோடியம் வரியைப் படியுங்கள். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அது ஐந்து கிராம் உப்பு. கோதுமை டார்ட்டியா ஒன்றிலேயே 400, 500 போய்விடும், அதன் மேல் சீஸ், மசாலாப் பொடி, சல்சா. பரிமாறும் அளவு ஒன்றா, இரண்டா என்றும் பாருங்கள்.

அக்கா, பொரிக்காமல் ஓவன் அடுப்பில் செய்து பார்த்தீர்களா?

முதல் பதிவு எழுதியவர்

செய்தேன். மேலே ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவி, மடித்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, 200 டிகிரியில் இருபது நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பினேன். 15 கிராம் எண்ணெய்க்குப் பதில் 5 கிராமுக்குள் முடிந்தது, 90 கலோரிக்கு மேல் மிச்சம். ஓரங்கள் நன்றாக மொறுமொறுத்தன, நடுவில் கொஞ்சம் சப்பாத்தி போல இருந்தது. பையன் இரண்டு சாப்பிட்டான், கணவர் கடை மாதிரி இல்லை என்றார். உள்ளே வைக்கும் கறியில் ஈரம் அதிகம் இருந்தால் அடி நமுத்துப்போகிறது, அதனால் பிய்த்த கறியை வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் புரட்டி எடுத்து வையுங்கள். மேசா நண்பர் சொன்ன உப்புக் கணக்கை நான் போடவே இல்லை. இந்தச் சனிக்கிழமை போட்டுவிட்டு எழுதுகிறேன்.