சேலம்: ஃபார்மா ரெப் வேலையிலிருந்து ஹோம் கேர் சேல்ஸுக்கு மாறலாமா?

அஸ்தம்பட்டி ரெப்:
வணக்கம். டாக்டர்களைப் பார்த்து மருந்து அறிமுகம் பண்ற ரெப் நான். சேலம் ஹெச்க்யூ (தலைமையிடம்), கார்டியோ-டயாபெட்டிக் (இதயம், சுகர் மருந்து) டிவிஷன், 7 வருஷ சர்வீஸ். எக்ஸ்-ஸ்டேஷன் (போயிட்டு அன்னைக்கே திரும்புற வெளியூர்) ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி. ஏற்காடும் என் டெரிட்டரிதான். வீட்டுக்கு நர்ஸ், அட்டெண்டர் அனுப்பி, கட்டில், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காத்திலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற மெஷின்), பைபாப் (மாஸ்க் வழியா மூச்சுக்கு உதவுற மெஷின்) எல்லாம் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் பிசினஸ் டெவலப்மென்ட் வேலைக்குக் கூப்பிடுறாங்க. ஃபிக்சட் சம்பளம் இப்போ வாங்குறதுதான், இன்சென்டிவ் நல்லா வரும்ங்கிறாங்க. டாக்டர் பழக்கம் அங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? சேருமுன் என்ன கேட்கணும், என்ன படிக்கணும்?

ஐந்துரோட்டுக்காரர்:
பழக்கம் கைகொடுக்கும், ஆனா நீங்க நினைக்கிற டாக்டர்கள்கிட்ட இல்லை. உங்க லிஸ்ட்ல இருக்கிற சுகர் டாக்டர், ஃபேமிலி டாக்டர்கிட்டயிருந்து ஹோம் கேர் கேஸ் அபூர்வமாத்தான் வரும். நியூரோ, ஆர்த்தோ, நுரையீரல், கேன்சர், ஐசியு, இந்த அஞ்சு இடம்தான் ஊற்று. அங்கேயும் பெரிய டாக்டர் "வீட்டுல ஆள் போட்டுக்கோங்க"ன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போயிடுவார். எந்த நம்பருக்குப் போன் போகுதுங்கிறதைத் தீர்மானிக்கிறது வார்டு இன்சார்ஜ் சிஸ்டர், ட்யூட்டி டாக்டர், பிஆர்ஓ (ஆஸ்பத்திரி மக்கள் தொடர்பு அதிகாரி), ஃபிசியோ. ரெப்பா இருக்கும்போது இவங்களைத் தாண்டித்தானே உள்ளே போயிருப்பீங்க?

அடுத்தது நேரம். ஃபார்மாவில் இந்த மாசம் விட்டதை அடுத்த மாசம் பிடிக்கலாம். இங்கே "நாளைக்குக் காலையில டிஸ்சார்ஜ்"னு சொன்னதிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்புற வரைக்கும்தான் அவகாசம். குடும்பம் பணம் கட்டப்போகுது, பயத்துல வேற இருக்கு. ரெப் கையில் இருக்கிற படப் புத்தகம், அந்த விஷுவல் எய்டை விரிச்சா எரிச்சல்தான் வரும்.

முதல் போன்லயே கேட்க வேண்டியது: நோயாளி எடை, எந்தெந்த ட்யூப் இருக்கு, ஆக்சிஜன் நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், வீடு எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கழிப்பறை இந்தியனா வெஸ்டர்னா, ராத்திரி வீட்டுல யார் இருப்பாங்க. எடையைக் கேட்காம 85 கிலோ பக்கவாத நோயாளிக்கு ஒரே ஒரு பெண் அட்டெண்டரை அனுப்பினா ரெண்டாம் நாளே அவங்க கிளம்பிடுவாங்க. குத்தம் அவங்க மேல இல்லை, கேஸ் எடுத்தவர் மேல.

இன்னொரு தப்பு, நர்ஸ் தேவைப்படுற கேஸை அட்டெண்டர் ரேட்டுக்கு முடிக்கிறது. தொண்டையில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விட ஓட்டை போட்டு வைக்கிற ட்யூப்) போட்டு சளி உறிஞ்சணும், நரம்பு வழியா ஊசி போடணும்னா நர்ஸ்தான். அட்டெண்டர் குளிப்பாட்டுறது, டயப்பர், புரட்டிப் படுக்க வைக்கிறது வரைக்கும். சமையலும் பாத்திரமும் அவங்க வேலை இல்லைன்னு முன்னாடியே எழுதிக் கொடுங்க. 24 மணி நேர ஆள்னா சாப்பாடு, படுக்க இடம், தூங்குற நேரம் மூணையும் சேர்த்தே எழுதணும். பாதி சண்டை இதுலதான் ஆரம்பிக்கும்.

மெஷின் சர்வீஸ்:
தம்பி, வாடகை சாமான் பக்கம் நான் சொல்றேன்.

ஏற்காடு இருக்குன்னு சொன்னீங்க. அது ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். எந்த உயரம் வரைக்கும் முழு அளவு ஆக்சிஜன் தரும்னு கான்சென்ட்ரேட்டர் புக்லெட்டில் போட்டிருக்கும். அதைப் பார்க்காம மலைக்கு மெஷின் ஏத்தாதீங்க. நல்ல மெஷின் 93 சதவீத ஆக்சிஜன், மூணு கூடக் குறைய கொடுக்கும். வாடகைக்குச் சுத்தி ஓய்ஞ்ச மெஷின் ஃப்ளோவைக் கூட்டக் கூட்டத் தரத்தில் இறங்கும். டெலிவரி அன்னைக்கு டாக்டர் எழுதின ஃப்ளோவில் ஓடவிட்டு அனலைசர் (ஆக்சிஜன் சதவீதம் காட்டுற கருவி) வச்சு அளந்து, வீட்டுக்காரங்க கையெழுத்து வாங்குங்க.

கரண்ட் அடுத்த தலைவலி. மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை 9-லிருந்து மாலை 5 வரைக்கும் நிறுத்துவாங்க. 5 லிட்டர் மெஷின் 350 வாட் அளவு இழுக்கும். 150 ஏஹெச் பேட்டரி ஒண்ணு வச்ச வீட்டு இன்வெர்ட்டர் மூணு நாலு மணி நேரம் தாங்கினா பெரிசு. அதனால சிலிண்டர் கூடவே போகணும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் இருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஃப்ளோன்னா 12 மணி நேரம் ஓடும், ஒண்ணு போதும். 5 லிட்டர்னா 5 மணி நேரம்தான், ரெண்டு வேணும். இந்தக் கணக்கைக் குடும்பத்துக்கு முன்னாடியே பேப்பர்ல போட்டுக் காட்டிடுங்க. கரண்ட் போனப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சிலிண்டர் வர்ற வரைக்கும் நோயாளி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்கு, "மூச்சு வாங்குது"ன்னு வீட்டுக்காரங்களே ஃப்ளோவைக் கூட்டுவாங்க. அவங்களுக்குப் பொதுவா விரல்ல மாட்டுற மீட்டரில் ஆக்சிஜன் அளவை 88-லிருந்து 92 சதவீதம் வரைக்கும்தான் டாக்டர் வைக்கச் சொல்வார். அதுக்கு மேல ஆக்சிஜன் போனா ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கத்தில் போயிடலாம். பைபாப் செட்டிங்கும் அப்படித்தான், போன்ல கேட்டாலும் நீங்க ஒரு நம்பர் சொல்லக் கூடாது. மாஸ்க் அளவும் லீக்கும்தான் நம்ம பக்கம்.

ஆக்சிஜன் ஓடுற இடத்தில் கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, சாம்பிராணி எதுவும் கூடாது. பூஜை ரூமை ஒட்டின அறையில் கட்டில் போடச் சொல்வாங்க, வேண்டாம்னுடுங்க.

ஏர் பெட் (காத்து நிரப்பின மெத்தை) வித்தா படுக்கைப் புண்ணே வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க. பெட் இருந்தாலும் ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும். மேல தடிப் போர்வையை நாலா மடிச்சுப் போட்டா பெட் வாங்கினதே வீண்.

கணக்கர்:
நண்பரே, காகித விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், அதே யூஏஎன்-இல் (பிஎஃப் கணக்கு எண்) மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சேவை வேண்டும், 7 வருஷத்தில் கை வைத்தால் அது அறுந்துவிடும். 5 வருஷம் முடிந்துவிட்டதால், நீங்களாக ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. ரிலீவிங் லெட்டர் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

இன்சென்டிவ் பில்லிங் மீதா, வசூல் மீதா? நோயாளி பத்தே நாளில் மீண்டும் அட்மிட் ஆனாலோ இறந்துபோனாலோ கொடுத்த இன்சென்டிவைத் திரும்பப் பிடிப்பார்களா? ஃபார்மாவில் இல்லாத கேள்வி இது. வாடகைச் சாமான் திரும்பி வராவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் ஆஃபர் லெட்டரில் பாருங்கள்.

மருத்துவ சாதனம் விற்கும் நிறுவனத்திடம் எம்டி-42 பதிவுச் சான்றோ (மருத்துவ சாதனம் விற்கும் பதிவு) மருந்து விற்பனை உரிமமோ இருக்க வேண்டும். எது இருக்கிறது என்று கேளுங்கள்.

"டாக்டருக்கு இத்தனை சதவீதம்" என்று நேர்காணலிலேயே பேசினால் எழுந்து வந்துவிடலாம். நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின் 6.4 பிரிவு தடுக்கிறது. மாட்டினால் முதலில் மாட்டுவது பணக் கவர் கொண்டுபோனவர்தான்.

அஸ்தம்பட்டி ரெப்:
ரொம்ப நன்றி அண்ணா எல்லாருக்கும். இன்சூரன்ஸ் கிடைக்குமான்னு குடும்பம் கேட்டா என்ன சொல்றது? ஆள் வராம போற பிரச்சினை எவ்வளவு பெரிசு?

ஐந்துரோட்டுக்காரர்:
இன்சூரன்ஸ்: அட்டெண்டர் கட்டணத்தைச் சாதாரண மெடிக்ளெய்ம் தராது. வீட்டிலேயே சிகிச்சைன்னு பாலிசியில் இருந்தாலும் பெரும்பாலும் மூணு நாளுக்கு மேல் நடந்த சிகிச்சை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாத நிலைன்னு நிபந்தனை இருக்கும். "பாலிசியைப் படிச்சுட்டு டிபிஏ-கிட்ட (இன்சூரன்ஸ் க்ளெய்ம் பார்க்கிற நிறுவனம்) கேளுங்க"ங்கிறதோட நிறுத்திக்கோங்க. வசதி இல்லாத குடும்பம்னா அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பத்திச் சொல்லிடுங்க. பிபி, சுகர் மாத்திரை, ஃபிசியோ, வலி நிவாரணப் பராமரிப்பு வீட்டுக்கே இலவசமா வருது. அந்தக் கேஸ் போனா போகட்டும், உங்க பேர் வார்டுல நிக்கும்.

ஆள் வராம போறதுதான் இந்தத் தொழிலோட முதுகெலும்பு வலி. ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகை, பொங்கல், தீபாவளி சமயத்தில் எல்லாரும் ஒண்ணா லீவு கேட்பாங்க. மாத்து ஆள் எத்தனை மணி நேரத்தில், வராட்டி அட்வான்ஸ் எப்போ திரும்பும், போலீஸ் வெரிஃபிகேஷன் பேப்பர் இருக்கா, இதெல்லாம் ஹெச்ஆர்கிட்ட கேட்டா நல்ல பதில்தான் வரும். அதனால கையெழுத்துப் போடுமுன் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மேல அவங்க கஸ்டமர் நம்பருக்கு நீங்களே போன் போட்டு, "அம்மாபேட்டையில ஆள் வரலை, என்ன பண்றது"ன்னு கேளுங்க. யார் எடுக்கிறாங்க, எடுத்து என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.